லேபிள் இல்லாத "கன் ஆயில்" வாங்கி ஏமாந்த கதை, டபுள் பேரல் வச்சிருக்கவங்க படிங்க

கோத்தகிரி பக்கம் நம்ம வீடு. அப்பா காலத்து டபுள் பேரல் (ரெட்டைக் குழல்) 12 போர் துப்பாக்கி ஒண்ணு இருக்கு, அவர் போனப்புறம் லைசென்ஸ என் பேருக்கு மாத்துனேன். எலெக்ஷன் வந்தா துப்பாக்கிய ஒப்படைக்கச் சொல்வாங்க, லைசென்ஸ் வச்சிருக்கவங்களுக்குத் தெரியும். 2024 மார்ச் 16 நடத்தை விதி வந்ததும் ஸ்டேஷன்ல குடுத்தா மூலைல கெடந்து துரு ஏறிடுமேன்னு கோயம்புத்தூர்ல ஒரு துப்பாக்கி டீலர்கிட்ட டெபாசிட் பண்ணேன் (ரொம்ப புத்திசாலித்தனம்!).

ஜூன்ல எடுக்கப் போனா பளபளன்னு நிக்குது. "ஃபுல் சர்வீஸ் சார், இம்போர்ட்டட் ஆயில்"னு 1,800 ரூபா, அதே எண்ணெய் சின்ன பாட்டில்ல 450. நான் சர்வீஸே கேக்கல, ஆனா அந்த மினுமினுப்பப் பாத்து மயங்கி குடுத்துட்டேன். பாட்டில்ல லேபிளும் இல்ல, பேரும் இல்ல.

ரெண்டு மாசத்துல, பேரல மடக்கித் திறக்குற லிவர் இறுகுச்சு. எண்ணெய் பத்தலன்னு நெனச்சு அதே பாட்டில்ல இருந்து இன்னும் ஊத்துனேன், இது முழுக்க என் தப்பு. கிளப் ரேஞ்சுல ட்ரிக்கர் இழுத்தா டிக்குனு சத்தம், வெடிக்கல. பேரல ரேஞ்ச் பக்கமே அரை நிமிஷம் பிடிச்சுட்டு அப்புறம் திறந்து பாத்தா தோட்டா கேப்புல (பின் அடிக்கிற இடம்) லேசா ஒரு கீறல் மட்டும். துரு எடுக்குற ஸ்ப்ரே அடிச்சேன், பத்து நாள் ஓடுச்சு, மறுபடி அதே கதை.

கடைசில லைசென்ஸ் உள்ள ஒரு பழைய கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) பெரியவர்கிட்ட போனேன். லாக்க, அதாவது சுடுற மெக்கானிசத்த, கழட்டினார், உள்ள ஸ்பிரிங், ஃபயரிங் பின் எல்லாத்துமேலயும் தேன் கலர்ல ஒரு தோல், பலாப்பால் காஞ்ச மாதிரி, நகத்தால சுரண்டினா சுருளா வருது. மோந்து பாத்துட்டு என்கிட்ட நீட்டினார், "என்ன வாசனை தம்பி?" கிரிக்கெட் பேட் வாசனை! லின்சீட் ஆயில். அது மரக்கட்டைக்கு நல்லது, காத்து பட்டா காஞ்சு படலமாகும், அதுக்காகத்தான் பேட்டுக்கும் துப்பாக்கிக் கட்டைக்கும் தடவுறது, லாக்குக்குள்ள போனா அது கோந்து. கட்டைய தேச்ச துணியாலயே இரும்பையும் தேச்சிருக்காங்க, நான் மயங்குன பளபளப்பு அதுதான்.

இன்னொண்ணும் காட்டினார். நான் பேரல் மேல பாக்க நிறுத்தி வச்சதுல எண்ணெய் இறங்கி, லாக்க ஒட்டின கட்டை கறுத்து நமநமன்னு ஆயிருந்துச்சு. எண்ணெய் போட்டா ஒரு நாள் வாய் கீழ பாக்க வைக்கணுமாம்.

இப்ப கம்பெனி சீல் உடையாத மினரல் கன் ஆயில்தான். ரெண்டு பேரலும் காலியான்னு பாத்துட்டு, பிரஷ் போட்டு, என்.சி.சி.ல குடுப்பாங்களே அந்த ஃபோர் பை டூ துணில மெல்லிசா ஒரு பூச்சு, சுடப்போற அன்னிக்கு காஞ்ச துணியால ஒரு தடவ இழுத்துடுறேன். லாக்குக்கு ஒரே ஒரு சொட்டு, மடங்குற கீல் பின்னுக்கு மட்டும் துளி கிரீஸ்.

டீலருக்கு போன் போட்டா, "உங்க ஊர் குளிருக்கு எந்த எண்ணெயும் கெட்டியாகும் சார்"ங்கறார். யோவ், தேங்காயெண்ணெய் கூட வெயில்ல வச்சா உருகிடும்யா, இது கொதிதண்ணிக்கும் அசையல. காசு திரும்ப வரல, பெரியவருக்கு 3,500 தனி.

மிச்ச எண்ணெய பையன் எடுத்து பேட்டுக்கு தடவிட்டான். பேட் அருமையா இருக்கு.