மூங்கில் எறியீட்டிக்குப் பயிற்சி முனை: மூன்று வருட அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டு கராஜ் சுவரில் அட்லாட்ல் என்ற எறிகோலால் வீசும் ஏழு எறியீட்டிகள் சாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, எடை 180 கிராம் பக்கம். மூன்று வருடமாக வாரம் இரண்டு நாள், நாளுக்கு நாற்பது ஐம்பது தடவை எறிகிறேன். இந்தப் பழக்கத்தில் என் நேரத்தையும் காசையும் அதிகம் தின்றது ஈட்டியின் முனைதான். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அட்லாட்ல் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதலான கோல், அதன் கடைசியில் ஒரு கொக்கி. ஈட்டியின் வாலில் இருக்கும் குழியைக் கொக்கியில் பொருத்தி வீசினால் கை நீண்ட மாதிரி வேகம் கூடும். பெயர் மெக்சிகோவின் நாவாட்ல் மொழியிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடம் இதே வேலையைச் செய்வது வூமரா. துல்லியப் போட்டியில் 15 மீட்டரிலிருந்து ஐந்து எறி, 20 மீட்டரிலிருந்து ஐந்து எறி. நானும் அந்தத் தூரங்களில்தான் பழகுகிறேன்.

முதலில் செய்தது நாலங்குல ஆணி. தலையை வெட்டி, மூங்கில் நுனியில் செருகி, ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சிப் பசை ஊற்றி, மேலே நூல் சுற்றினேன். குறியாக வைத்த வைக்கோல் கட்டுக்குள் குத்தும்வரை நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் ஒன்று குறி தப்பி மரச்சட்டத்தில் மோதியது. எடுத்துப் பார்த்தால், நுனியிலிருந்து முதல் கணு வரை கழி நேர்கோடாகப் பிளந்திருந்தது. ஆணி வளையக்கூட இல்லை. மோதிய வேகத்தில் பின்னால் தள்ளப்பட்டு, விறகில் அடித்த ஆப்பு மாதிரி வேலை செய்திருக்கிறது. அந்த மாதம் இன்னும் நான்கு கழிகள் அதே மாதிரி போயின. ஒவ்வொரு தடவையும் ஆணியைத்தான் மாற்றினேன்: தடித்தது, குட்டையானது, கான்கிரீட் ஆணி.

பிளந்த கழிகளைக் கொல்லையில் போட்டிருந்ததை என் ஆயா, அதாவது பாட்டி, பார்த்தார். "பூண் இல்லாத உலக்கைய எத்தன நாளு குத்துவ, கண்ணு?" என்றார். டோங்காட் கரும்புத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். அவருடைய அம்மாவின் உலக்கை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பிடி தேய்ந்து பளபளவென்று ஆகிவிட்டது, ஆனால் இரும்புப் பூண் போட்ட அடியில் ஒரு கீறல் விரிசல் கிடையாது. அன்று சாயங்காலமே குழாய் வேலைக்கு வாங்கி மிச்சமிருந்த 15 மி.மீ. செப்புக் குழாயை, ஈட்டி நுனிக்குப் பூணாகப் போட, ஹேக்சாவால் இரண்டரை சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டினேன்.

இப்போது நான் செய்கிற முறை இது. கழியை வெட்டி நிழலில் இரண்டு மூன்று மாதம் காய விட வேண்டும். பச்சையாக இருக்கும்போது பூண் போட்டால் கழி சுருங்கி, பூண் கழன்று கையோடு வரும். நுனியை வெட்டும்போது முதல் கணு உள்ளே ஏழு சென்டிமீட்டரில் இருக்கும்படி பார்த்து வெட்டுங்கள். முனைக்கு ஆணிக்குப் பதில் 6 மி.மீ. இரும்புக் கம்பியில் 12 செ.மீ.: ஏழு உள்ளே, ஐந்து வெளியே. உள்ளே போகும் கம்பி கணுவின் தடுப்பில் போய் உட்கார வேண்டும். அப்போதுதான் மோதலைக் கணு வாங்கிக்கொள்ளும், பசைக்கு அவ்வளவு வேலை இருக்காது. கம்பியை அரத்தால் சுற்றிலும் கீறி, எண்ணெய்ப் பசை போக ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். குழாய் இறுக்கமாக ஏறும் அளவுக்கு மட்டும் கழியின் வெளித்தோலைச் சீவுங்கள். பூணின் பின்விளிம்பு வைக்கோலில் மாட்டாமல் இருக்க, அதை ஒட்டி மெழுகு தடவிய நூலைச் சரிவாகச் சுற்ற வேண்டும்.

எபாக்சியில் அவசரம் வேண்டாம். 24 மணி நேரம் எடுத்து இறுகும் வகைதான் தாங்குகிறது. அதிலும் ஒரு பாடம் கிடைத்தது. ஒரு ஜனவரி மதியம் ஈட்டிகளைக் காருக்குள் விட்டுவிட்டேன், டர்பன் வெயில். சாயங்காலம் எடுத்து முதல் எறி எறிந்ததும் முனை வைக்கோலுக்குள்ளேயே தங்கிவிட்டது, கழி மட்டும் கையில் வந்தது. சூட்டில் பசை இளகியிருந்தது. பழுதான முனையைக் கழற்ற வேண்டியிருந்தால் இதையே பயன்படுத்திக்கொள்ளலாம்: வெளியே நீட்டியிருக்கும் கம்பியை நெருப்பில் காட்டினால் போதும்.

பசையில் இப்போது மூங்கில் தூள் கொஞ்சம் கலக்கிறேன். அந்த யோசனை சிபுடு குகையைப் பற்றிப் படித்தபோது வந்தது. டர்பனுக்கு வடக்கே சுமார் 40 கி.மீ., ஆயா பிறந்த டோங்காட் பக்கம்தான். 2024இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். சுமார் 70,000 வருடத்துக்கு முன் அங்கே இருந்தவர்கள் கல்முனையைக் கழியோடு ஒட்ட மரப்பிசினில் செங்காவிப் பொடியைக் கலந்திருக்கிறார்கள். லின் வாட்லி என்ற ஆய்வாளர் அதைத் தானே செய்து பார்த்தார். பிசினை மட்டும் வைத்தால் நொறுங்கும், ஈரத்தில் இளகும், பொடி சேர்ந்தால் பிடிக்கும். படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கராஜில் முட்டிமோதுகிற அதே சிக்கலை, நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒருவர் அடுப்படியில் உட்கார்ந்து தீர்த்திருக்கிறார்!

முனையின் வடிவத்தில் ஊசிக் கூர்மை வேண்டாம். ஊசியாக இருந்தால் மரத்தில் ஆழமாக இறங்கி மாட்டும், பிடுங்கும்போது வளையும். தோட்டா மாதிரி உருட்டி வைத்தால் வைக்கோலிலும் ஃபோமிலும் போதுமான அளவு இறங்கும், லேசாகத் திருகி இழுத்தால் வந்துவிடும். கல்லில் பட்டு நுனி மழுங்கினால் அரத்தால் நாலு இழுப்பு. பிடுங்கும்போது வாலுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. இரண்டு மீட்டர் கழி சட்டென்று பின்னால் வந்தால் கண் போய்விடும். என் மருமகப் பிள்ளைகள் வந்தால் முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

எடையையும் கவனியுங்கள். கம்பி சுமார் 27 கிராம், பூண் பத்துக்குள். 8 மி.மீ. கம்பி போட்டுப் பார்த்தேன், உறுதிதான். ஆனால் முன்பாரம் கூடியதில் கழி எறியும்போது அதிகமாக வளைந்து, 20 மீட்டருக்கு முன்னாலேயே தலை குப்புற விழுந்தது. தடித்த கழி இருந்தால் அது சரிப்படும், என்னுடையது மெலிசு.

பூண் போட்ட பிறகு நுனி பிளந்தது ஒன்றே ஒன்று, அதுவும் சரியாகக் காயாத கழி. இரண்டு ஈட்டிகள் கம்பி முடியும் இடத்தில், கணுவுக்குப் பின்னால் ஒடிந்தன. அதற்காகக் கம்பியின் உள்முனையைக் கூம்பாகத் தேய்த்துப் பார்க்கிறேன், எட்டு மாதமாக ஒடியவில்லை. துருதான் இன்னும் தொல்லை. கடல் காற்றில் ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் செம்மண் நிறம் ஏறிவிடுகிறது. அடுத்த இரண்டு ஈட்டிகளுக்கு ஸ்டெயின்லெஸ் கம்பி வாங்கி வைத்திருக்கிறேன், கழிகள் நிழலில் காய்கின்றன.