மலைநாட்டில் பழைய ரோட் பைக் வீல்: கம்பளையில் எடுத்த ஷிமானோ ஜோடி

குறைந்த சல்லியில் ரோட் பைக் வீல் தேடுகிறவர் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை பக்கம் ஓடுகிறவர் என்றால் பிராண்டையும் எடையையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, பிரேக் கட்டை உரசும் ரிம் சுவரில் இன்னும் எவ்வளவு அலுமினியம் மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். பழைய வீலில் மற்ற பெரும்பாலானவற்றுக்கு ஏதாவது வைத்தியம் உண்டு. தேய்ந்த ரிம் சுவருக்குக் கிடையாது. கொழும்பில் காலி வீதியில் நேராக ஓடுகிறவருக்கு ஒரு ரிம் எத்தனையோ வருடம் வரும். அதே ரிம் நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கி இறங்கித் தேய்ந்தால் கதை வேறு. நுவரெலியா டவுன் கிட்டத்தட்ட 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கம்பளை அதற்கு ஆயிரம் மீற்றருக்கும் கீழே. அந்த உயரம் முழுவதையும் தின்பது இரண்டு ஜோடி ரப்பர் கட்டையும் ரிம்மும்தான்.

நான் எடுத்தது ஷிமானோ டபிள்யூஎச்-ஆர்500. முன்னால் 20 கம்பி, பின்னால் 24 கம்பி, ஜோடி 1900 கிராம் அளவில். புதிதாக வந்த காலத்திலேயே இது ஆரம்ப நிலை வீல்தான், யாரும் இதைப் பார்த்து வாயைப் பிளக்கப் போவதில்லை. கடை, கம்பளை டவுனில் ஜப்பானிலிருந்து கண்டெய்னரில் வரும் பழைய சைக்கிள்களையும் அவற்றின் சாமான்களையும் விற்கும் சின்ன இடம். பெயர்ப்பலகை கூட இல்லை. வாசலில் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும், ரோட் பைக் சாமான்கள் உள்ளே கூரைக் கம்பியில் தொங்கும், இறக்கிப் பார்க்க ஸ்டூல் வேண்டும்.

என் சைக்கிள் 9 ஸ்பீட், ரிம் பிரேக். அதனால்தான் இந்த வீல் எனக்கு மலிவாகக் கிடைத்தது, இந்தக் கணக்கைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால் உங்களுக்கும் உதவும். ஆர்500 ஹப்பில் (வீலின் நடு அச்சுக் கூடு) 8, 9, 10 ஸ்பீட் கசெட் (பின் பற்சக்கர அடுக்கு) ஏறும், ரோட் பைக்குக்கான வழக்கமான 11 ஸ்பீட் கசெட் ஏறாது. 11க்கு மாறியவர்களுக்கும் டிஸ்க் பிரேக்குக்கு மாறியவர்களுக்கும் இது வேண்டாத சாமான். 9 அல்லது 10இல் நிற்கிறவருக்கு அது லாபம். மாறாக உங்களிடம் 9 ஸ்பீட் இருந்து கையில் கிடைப்பது 11 ஸ்பீட் ஹப் என்றாலும் பயமில்லை, 1.85 மில்லிமீற்றர் வளையம் ஒன்றை உள்ளே போட்டுவிட்டு கசெட்டை ஏற்றலாம். இதில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. ஷிமானோவின் எச்ஜி800 என்ற 11-34 கசெட் 11 ஸ்பீடாக இருந்தும் பழைய 10 ஸ்பீட் ஹப்பிலேயே உட்காரும். நம்ம ஏற்றங்களுக்கு 34 பல் எவ்வளவு நிம்மதி என்று தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ஏறியவரிடம் சொல்லத் தேவையில்லை, ஆனால் அதற்கு நீளக் கூண்டு டிரெயிலியர் (பின்னால் செயினை நகர்த்திக் கியர் மாற்றும் பகுதி) வேண்டும்.

கடைக்குப் போகும் முன் உங்கள் பிரேமில் பின் வீல் ஹப் உட்காரும் இடைவெளியையும் அளந்து வையுங்கள். ரிம் பிரேக் ரோட் பைக்குக்கு 130 மில்லிமீற்றர், டிஸ்க் என்றால் 135 அல்லது 142. ஜப்பானிலிருந்து வரும் பழைய இரும்பு பிரேம்களில் 6, 7 ஸ்பீட் காலத்து 126 அடிக்கடி இருக்கும்.

அளவு விஷயத்தில் கடைக்காரர் வாயை நம்பவே வேண்டாம். இது அவர் பொய் சொல்வதால் இல்லை, பெயர்களே குழப்பம். நம்ம ஊர் பெரிய லுமாலா சைக்கிளுக்குப் போடும் 28 டயரின் ரிம் விட்டம் 635 மில்லிமீற்றர். ரோட் பைக்கின் 700சி ரிம் 622, அதையும் சில டயர்களில் 28 என்றுதான் அச்சடிப்பார்கள். ஜப்பான் லேடீஸ் சைக்கிளின் 27 ரிம் 630. மூன்றும் கூரையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்போது கண்ணுக்கு ஒரே மாதிரி. கடைக்கார நானா என்னிடம் சொன்னது: "எல்லாம் ஒரே சைஸ்தான் தம்பி, டயர் கொஞ்சம் இழுத்துப் போடணும், அவ்வளவுதான்." இழுத்தாலும் ஏறாது. ஏறினதாகவே வைத்துக்கொண்டாலும் பிரேக் கட்டை உரசும் பட்டையில் சரியாகப் படாமல் கம்பிப் பக்கம் கீழே விழும், இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். டயர் மாட்டியிருந்தால் பக்கவாட்டில் 25-622 என்ற மாதிரி இரண்டு எண் இருக்கும், பின்னால் வருவது 622ஆ என்று மட்டும் பாருங்கள். டயர் இல்லையென்றால் உங்கள் பழைய டயர் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு.

இனி ரிம். அங்கே ஆர்500 இரண்டு ஜோடி தொங்கியது. தூரத்திலிருந்து பார்த்தால் முதல் ஜோடி பளபள, இரண்டாவது அழுக்கு. பளபள ஜோடியின் முன் வீலை இறக்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் 15 சென்றிமீற்றர் இரும்பு அடிமட்டத்தின் விளிம்பை பிரேக் உரசும் பட்டைக்குக் குறுக்கே நிறுத்தி, பின்பக்கமிருந்து போன் டோர்ச் அடித்தேன். நடுவில் பிறை மாதிரி வெளிச்சம். விரலை மேலிருந்து கீழே இழுத்தால் உள்ளே இறங்கி மேலே ஏறுவது நன்றாகவே தெரிந்தது. அப்படிப் பள்ளம் விழுந்த சுவருக்குள் 90, 100 பிஎஸ்ஐ காற்று அடைத்து வைத்து, இறக்கத்தில் பிரேக் சூட்டையும் கொடுத்தால் ஒருநாள் சுவர் வெளிப்பக்கம் பிளக்கும். அது வேகமாகப் போகும்போதாகவும் இருக்கலாம். அழுக்கு ஜோடியின் முன் வீலைத் துணியால் துடைத்துவிட்டு அதே அடிமட்டத்தை வைத்தேன், வெளிச்சம் நூல் அளவுக்குக் கூட வரவில்லை. பெரும்பாலான ரிம்களில் தேய்மானம் காட்ட ஒரு சின்னக் குழியோ சுற்றிவர மெல்லிய கோடோ இருக்கும், அது மறைந்துவிட்டால் ரிம் முடிந்தது என்று அர்த்தம். ஆனால் அழுக்கும் பிரேக் தூளும் அடைத்துக் குழியை மறைத்திருக்கவும் கூடும், அதனால் ஊசியால் கிளறிப் பாருங்கள். என் நம்பிக்கை அடிமட்டத்தில்தான்.

நிப்பிள் (கம்பியை ரிம்மில் பிடித்து வைக்கும் சின்ன நட்டு) இறங்கும் ஓட்டையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பின் வீலில், குறிப்பாக கசெட் பக்கம், கட்டாயம் பாருங்கள். இழுவை அதிகம் அங்கேதான். கம்பிகளை விரலால் சுண்டிப் பாருங்கள், ஒரே பக்கத்துக் கம்பிகள் கிட்டத்தட்ட ஒரே சத்தம் போட வேண்டும். ஒன்று டங் என்றும் அடுத்தது தொளதொள என்றும் இருக்க, வீல் மட்டும் நேராகச் சுற்றினால், வளைந்த ரிம்மைக் கம்பியை முறுக்கி முறுக்கி நேராக்கி வைத்திருக்கிறார்கள். நிப்பிளின் மூலைகள் உருண்டு போயிருந்தாலும் அதே சந்தேகம்தான்.

ஹப் விஷயத்தில் நான் அவ்வளவு கறாராக இல்லை. ஷிமானோ ஹப்பில் கோனும் (அச்சில் ஏறும் கூம்பு நட்டு) போல்ஸும் (இரும்புக் குண்டுகள்)தான், லுமாலா ஹப் பிரித்துப் பழகிய எந்த சைக்கிள் பாஸும் அதைப் பிரித்துக் கிரீஸ் போட்டு மாட்டுவார், மெல்லிய கோன் ஸ்பேனர் மட்டும் அவரிடம் இருக்க வேண்டும். பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 கால் அங்குல போல்ஸ். போல்ஸ் போனால் மாற்றலாம், கோன் போனால் தேடி மாற்றலாம். ஹப்போடு சேர்ந்த கப்பில் குழி விழுந்துவிட்டால்தான் அந்த ஹப் போச்சு. அச்சை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றுங்கள். காய்ந்த கிரீஸ் என்றால் ஒரே சீராக இறுகும். குழி என்றால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் தடுக்கும். அழுக்கு ஜோடியின் பின் ஹப் அப்படித் தடுத்தது. பளபள ஜோடியின் பின் வீல் நன்றாக இருந்தது.

ஆக எனக்கு வேண்டியது அழுக்கு ஜோடியில் முன், பளபள ஜோடியில் பின். நானா முகம் மாறியது.

"ஜோடி பிரிச்சா மிச்சத்தை நான் யாருக்குக் குடுக்கிறது?"

"ரெண்டும் ஒரே மொடல்தானே நானா, மிச்சம் ரெண்டும் சேர்ந்து ஒரு ஜோடிதான்."

சிரித்துவிட்டார், ஆனால் விலையில் உடனே இறங்கவில்லை. 28,000 சொன்னார். 2022 பெற்றோல் வரிசை நேரத்தில் சைக்கிள் சாமானுக்கு ஏறிய விலை இன்னும் பல வியாபாரிகளின் தலையில் அப்படியே இருக்கிறது. அடிமட்டத்தை அவர் கையிலேயே கொடுத்து அந்தத் தேய்ந்த ரிம்மில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். கடைசியில் 22,500க்கு முடிந்தது, இரண்டு பக்க குயிக் ரிலீஸ் கம்பியோடு. இதைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள், தனியாக அலைந்தால் வெறுப்பாகிவிடும். ரிம் டேப் இல்லை, பில்லும் இல்லை, திருப்பிக் கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. கடையைப் பற்றி என் குறை இதுதான்: சாமானைச் சோதிக்க விடுகிறார், ஆனால் அவராக ஒரு குறையும் சொல்ல மாட்டார், நீங்களாகக் கண்டுபிடித்தால்தான் விலை அசையும்.

கசெட்டைக் கழற்றி மாற்றி, ஹப் இரண்டையும் திறந்து கழுவி, நெளிவு எடுத்துத் தர ஹட்டனில் எனக்குத் தெரிந்த ஒரு பாஸ் அண்ணன் சாமானோடு 1,800 வாங்கினார். முன் ஹப்பிலிருந்து வந்த கிரீஸ் தார் மாதிரி இருந்தது, உள்ளே கோன் மட்டும் கண்ணாடி. "இதை ஓட்டினவன் ஏத்தமும் ஓடல, மழையிலும் ஓடல" என்றார்.

ஓட்டத்தில் எப்படி? ஏற்றத்தில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள், 1900 கிராம் என்பது 1900 கிராம்தான். எழுந்து நின்று மிதிக்கும்போது பின் ரிம் பிரேக் கட்டையில் உரசவில்லை, அது எனக்குப் போதும். காய்ந்த ரோட்டில் பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. மழையில் எந்த அலுமினிய ரிம்மும் போலத்தான், முதல் ஒன்றிரண்டு சுற்று தண்ணீரை வழிக்கவே போய்விடும், அதற்கப்புறம்தான் கடிக்கும். வட்டவளை, கினிகத்தேனை பக்கம் தென்மேல் பருவ மழையில் ஓடுகிறவர்கள் வளைவுக்கு ரொம்ப முன்பே கட்டையைத் தொட்டுக் காய வைக்கப் பழக வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கட்டையில் புதைந்திருக்கும் மணலையும் அலுமினியச் சீவலையும் ஊசியால் நோண்டி எடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கட்டையே அரம் ஆகி ரிம்மை அராவும்.

குறைவான கம்பி என்பதுதான் இந்த வீலில் எனக்குப் பிடிக்காதது. 24இல் ஒன்று அறுந்தால் வீல் அப்படியே ஒரு பக்கம் சாய்ந்து பிரேக்கில் மாட்டும், லயத்துக்குப் போகும் தோட்ட ரோட்டில் அந்த நேரம் உருட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான், சரியான நீளக் கம்பியும் டவுனில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்காது. நீங்கள் 85, 90 கிலோ ஆள் என்றாலோ தினமும் கார்பெட் போடாத ரோட்டில் ஓடுவீர்கள் என்றாலோ இதை விட்டுவிட்டு 32 கம்பி கட்டிய சாதாரண வீல் தேடுங்கள், அராயா ரிம்மோ மேவிக் ஓபன் புரோவோ கண்ணில் பட்டால் விடாதீர்கள். பார்க்கப் பழசாக இருக்கும், ஆனால் ஒரு கம்பி போனாலும் வீடு வந்து சேரலாம்.

கார்பன்? எனக்கும் ஆசை காட்டினார்கள், கொழும்பிலிருந்து ஒருவர் ரிம் பிரேக் கார்பன் ஜோடி ஒன்றை நம்ப முடியாத விலைக்குத் தருவதாகச் சொன்னார். தட்டையான ரோட்டில் அது நல்ல சாமானாக இருக்கலாம். நீண்ட இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடிக்கும்போது வரும் சூட்டில் கார்பனைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் இளகும், ரிம் உப்பும், அடுக்கு பிரியும். பெயர் தெரியாத பழைய கார்பன் ரிம்மைப் போட்டுக்கொண்டு றம்பொடை வளைவுகளில் இறங்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்னொன்று, இந்த ரிம்முக்கு ஒல்லி வால்வு டியூப் வேண்டும். நம்ம டவுன் கடைகளில் அது அநேகமாக இருக்காது, கொழும்பு போகும்போது இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். காற்றடிக்க ஒரு சின்னப் பித்தளை அடப்டரும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

மொத்தத்தில் வேலைக்கூலியோடு 24,300 ஆனது, இந்த விலைக்கு இது நியாயமான வீல், திரும்பவும் தேவைப்பட்டால் அதே கடைக்குத்தான் போவேன். நான் விட்டுவிட்டு வந்த இரண்டு வீலும் இப்போது ஒரே கயிற்றில் ஜோடியாகக் கட்டித் தொங்குகின்றன, போன வாரம் கூட பார்த்தேன். முன் வீல்தான் பளபள, அதில்தான் அந்தப் பிறைப் பள்ளம். யாராவது எடுக்கப் போனால் அடிமட்டம் கொண்டு போங்கள்.