பொலோனியாவில் உணவு நடைச் சுற்றுலா: சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

அறுபத்தேழு வயது வரை மாமிசம் தொடாத என் அம்மாவுக்கு, "சைவம்தான்" என்று வாயால் சொல்லி, சேவலும் மாட்டிறைச்சியும் வெந்த தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். அதற்கு 85 யூரோ வாங்கினார்கள். நடந்தது இத்தாலியில், பொலோனியா நகரத்தில், போன நவம்பரில். இத்தனை நாள் எழுத மனசு வரவில்லை. இந்தக் கோடையில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு இத்தாலி போகப் போவதாக என் தோழிகள் இரண்டு பேர் சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன். நடத்திய நிறுவனத்தின் பேரைப் போடவில்லை. எங்கே ஏமாந்தோம் என்பது தெரிந்தால் போதும்.

நான் மூனிக்கில் வேலை பார்க்கிறேன். அம்மா திருநெல்வேலியிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருந்தாள். ரயிலில் போய் இரண்டு நாள் தங்கலாம் என்று பொலோனியாவைத் தேர்ந்தெடுத்தேன். இத்தாலிக்காரர்களே "கொழுத்த ஊர்" என்று செல்லப்பேர் வைத்திருக்கிற சாப்பாட்டு ஊர் அது. அங்கே சைவம் சாப்பிடுகிற அம்மாவோடு நாமாகத் தடுமாறுவதைவிட, தெரிந்தவர்கள் கூட்டிக்கொண்டு போனால் நல்லது என்று நினைத்துத்தான் இந்த நடைச் சுற்றுலாவுக்குப் பதிவு செய்தேன். 4 மணி நேரம், 7 இடம், கூட்டம் 12 பேருக்கு மேல் இருக்காது, தலைக்கு 85 யூரோ. பக்கத்தில் ஒரு பச்சை இலைப் படம், "சைவ உணவுக்கு ஏற்பாடு உண்டு" என்று ஒரு வரி. அதை மட்டும் நம்பவில்லை. பதிவு செய்யும்போதே தனியாக எழுதினேன்: இறைச்சி, மீன், இறைச்சி வெந்த சாறு, மிருகக் கொழுப்பு எதுவும் ஆகாது, பாலும் மாவில் பிசைந்த முட்டையும் பரவாயில்லை. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது, "ஒரு பிரச்சினையும் இல்லை" என்று.

முட்டையைப் பற்றி அம்மாவிடம் முன்பே பேசிவிட்டேன். பொலோனியாவின் பாஸ்தா மாவே முட்டையில் பிசைவதுதான், 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது வீட்டுக் கணக்கு. கேக்கில் இருப்பதைப்போல நினைத்துக்கொள்கிறேன் என்று அரைமனதாக ஒத்துக்கொண்டாள். அந்த அளவுக்கு அவள் இறங்கி வந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நெப்டியூன் நீரூற்றுக்குப் பக்கத்தில் கூடச் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தேன், 23 பேர். வழிகாட்டி இளவயசுப் பையன், நன்றாகப் பேசினான். முதல் நாற்பது நிமிடம் சாப்பாடே இல்லை, தூண் வைத்த நடைமாடங்களுக்கு அடியில் நடத்திக் கதை சொன்னான். அந்த நடைமாடங்கள் ஊர் முழுக்கச் சேர்த்தால் 62 கிலோமீட்டர், 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. தூறல் விழுந்துகொண்டிருந்தது, ஒருத்தரும் நனையவில்லை. அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "நம்ம ரதவீதிக்கு இப்படி ஒரு கூரை இருந்தா எப்படி இருக்கும்ட்டி" என்றாள். அன்றைக்கு அவள் சந்தோஷமாக இருந்தது அந்த நேரம் மட்டும்தான்.

அப்புறம் குவாத்ரிலாத்தெரோ என்கிற பழைய கடைவீதி. பியாட்சா மஜ்ஜோரே சதுக்கத்தை ஒட்டிய குறுகலான சந்துகள், இரண்டு பக்கமும் தொங்குகிற பன்றித் தொடைகள், பாலாடைக்கட்டிகள், காய்கறிக் கூடைகள். முதல் நிறுத்தத்தில் மோர்த்தாதெல்லா, அது பன்றி இறைச்சி. 23 பேரும் சந்தில் நின்றபடியே காகிதத் தட்டில் வாங்கிச் சாப்பிட்டார்கள். அம்மா கையில் இரண்டு ரொட்டிக் குச்சியைக் கொடுத்தான். அவ்வளவுதான் "சைவ ஏற்பாடு".

இரண்டாவது நிறுத்தம் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்கிற சீஸ். "பால்தான், தாராளமாகச் சாப்பிடலாம்" என்றான். அம்மா மூன்று துண்டு சாப்பிட்டாள், பிடித்திருந்தது. அன்றிரவு விடுதியில் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது: பார்மிஜானோவுக்குப் பாலைத் திரிக்க வைக்கிற ரென்னெட், கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. கடைக்குக் கடை மாறுகிற விஷயமில்லை இது. அந்தப் பேரைப் போட வேண்டுமென்றால் அப்படித்தான் செய்தாக வேண்டும், விதியே அது. கிரானா பதானோ என்கிற சீஸும் அப்படித்தான். தெரிந்தே சாப்பிடுகிற சைவர்கள் இருக்கிறார்கள், அது அவரவர் முடிவு. ஆனால் தினமும் அதே கடைக்கு ஆட்களைக் கூட்டிவருகிறவனுக்கு இது தெரியாமல் இருக்காது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் அந்தக் கிண்ணம்.

சின்னச் சாப்பாட்டுக்கடை. நீள மேசையில் நெருக்கி உட்கார வைத்தார்கள். எல்லாருக்கும் டோர்டெல்லினி வந்தது. நகம் அளவுக்கு மடித்த பாஸ்தா, உள்ளே பன்றி இறைச்சி, தெளிந்த சூடான சாற்றில் மிதக்கும். பொலோனியாவில் அது குளிர்காலத்துச் சாப்பாடு. அம்மாவுக்கு மட்டும் தனிக் கிண்ணம். அதில் கொஞ்சம் பெரிய மடிப்புகள், டோர்டெல்லோனி. "இது சைவம், உள்ளே ரிக்கோத்தா சீஸும் கீரையும்" என்றான் வழிகாட்டி. மேலே ஆவி பறந்தது. சாறு பொன்னிறமாக இருந்தது, மேலே சின்னச் சின்ன எண்ணெய் வட்டங்கள்.

அம்மா இரண்டு ஸ்பூன் குடித்தாள். மூன்றாவதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"ஏட்டி, இது என்னமோ வாடை அடிக்கி பாத்துக்கோ."

வாங்கி மோந்து பார்த்தேன். எனக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் சொல்ல வாய் வரவில்லை. எழுந்து சமையலறை வாசலுக்குப் போனேன். வயசான ஒரு அம்மாள் கையெல்லாம் மாவோடு நின்றிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில் "ப்ரோதோ தி கே?" என்று கேட்டேன், சாறு எதில் வைத்தது என்று. "கப்போனே எ மான்ட்ஸோ" என்றார். காயடித்த சேவலும் மாடும். பெருமையாகத்தான் சொன்னார், நல்ல சாறு என்றால் அங்கே அதுதான். நான் அம்மாவைக் காட்டி அவள் சைவம் என்றதும் அந்த முகம் மாறிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு கையையும் எப்ரனில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, அம்மாவின் கிண்ணத்தை அவரே எடுத்தார். யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கு வந்த சீட்டில் "இறைச்சி இல்லாத டோர்டெல்லோனி 1" என்று மட்டும்தான் இருந்தது, என்னிடம் காட்டினார். சாறு ஆகாது என்று நான் எழுதிய வரி அந்தச் சமையலறைக்கு வந்து சேரவே இல்லை.

வழிகாட்டியிடம் கேட்டேன். "உள்ளே சீஸ்தானே இருக்கிறது?" என்றான். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை, அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

அம்மா சத்தம் போடவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து தூணைப் பிடித்தபடி நின்றாள். சமையலறை அம்மாள் வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டு வேறு தட்டு செய்து கொண்டுவந்தார், காசு வேண்டாம் என்றார். அம்மா கைகூப்பிவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினாள். அதற்கப்புறம் அன்றைக்கு அவள் எதுவும் சாப்பிடவில்லை. அறைக்கு வந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். "அப்பாட்ட சொல்லாத" என்றாள். என் அம்மாவை அப்படிப் பார்த்ததில்லை.

நாங்கள் அங்கேயே விலகியிருக்க வேண்டும். ஆனால் விடுதிக்கு வழி அதே பக்கம் என்று கூட்டத்தோடே நடந்தோம், அதில் இரண்டாவது ஏமாற்றம். நான்காவது நிறுத்தம் பால்சமிக் காடி, அதாவது திராட்சைச் சாற்றில் செய்கிற வினிகர், விற்கிற கடை. ஸ்பூனில் ஒரு சொட்டு நக்கக் கொடுத்துவிட்டு, 25 வருஷம் மரப்பீப்பாயில் இருந்தது, இன்றைக்கு நம் கூட்டத்துக்கு மட்டும் 250 மில்லி 49 யூரோ என்றார்கள். லேபிளில் தங்க எழுத்தில் 25 என்று இருந்தது. அலுவலகத் தோழிக்கு என்று ஒன்று வாங்கினேன். பணம் கட்டும்போது கல்லாவில் இருந்தவர், எந்தச் சுற்றுலாவோடு வந்தோம் என்று கேட்டு நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். நாங்கள் வாங்குகிற ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு கணக்கு ஓடுகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

அறையில் லேபிளைத் திருப்பிப் படித்தேன். காய்ச்சிய திராட்சைச் சாறு, ஒயின் காடி, நிறத்துக்குக் கேரமல். பேர் "கொந்திமெந்தோ", அதாவது சும்மா ஒரு தொக்குவகை என்கிற மாதிரி. பக்கத்து ஊரான மோதெனாவின் அசல் பாரம்பரிய பால்சமிக்கில் காய்ச்சிய திராட்சைச் சாறு ஒன்றுதான் இருக்கும், வேறு எதுவும் சேர்க்கக்கூடாது. குறைந்தது 12 வருஷம் பீப்பாயில் இருக்க வேண்டும். 25 வருஷம் ஆனதற்கு லேபிளில் எண் போடமாட்டார்கள், "எக்ஸ்த்ராவெக்கியோ" என்ற சொல்தான் இருக்கும். எந்தத் தயாரிப்பாளர் என்றாலும் புட்டி ஒன்றுதான்: 100 மில்லி, உருண்டை வயிறு, செவ்வக அடிப்பாகம், ஜொர்ஜெத்தோ ஜுஜாரோ என்கிற கார் வடிவமைப்பாளர் வரைந்தது. பக்கத்து ரெஜ்ஜோ எமிலியாவுக்கு வேறு வடிவப் புட்டி. 250 மில்லிப் புட்டியில் 25 வருஷச் சரக்கு என்று யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். சமையலுக்குச் சாதாரண மோதெனா பால்சமிக் வேண்டும் என்றால் அது சூப்பர் மார்க்கெட்டிலேயே சில யூரோவுக்குக் கிடைக்கிறது, அதில் தப்பில்லை.

12.20-க்கு முடிந்துவிட்டது என்றான். மிச்ச மூன்று இடம்? ஐஸ்கிரீம் கடைக்கு ஒரு கூப்பன் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். 4 மணி நேரத்துக்குப் பணம் கட்டி 2 மணி 20 நிமிடம்.

ஊருக்கு வந்து நிறுவனத்துக்கு எழுதினேன். சைவ ஏற்பாடு "அன்றைய இருப்பைப் பொறுத்தது" என்று பதில், கூடவே அடுத்த சுற்றுலாவுக்கு 15 சதவீதத் தள்ளுபடி. அடுத்த சுற்றுலாவாம்! பதிவு செய்த தளத்தில் புகார் போட்டு, பச்சை இலைப் பக்கத்தின் படம், நான் எழுதிய குறிப்பு, "ஒரு பிரச்சினையும் இல்லை" என்ற பதில், அந்தச் சமையலறைச் சீட்டின் படம் எல்லாவற்றையும் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அம்மாவின் 85 யூரோ மட்டும் திரும்பி வந்தது. படங்கள் இல்லாவிட்டால் அதுவும் வந்திருக்காது. பதிவு செய்கிற அன்றைக்கே பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இணையத்தில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யலாம் என்கிற ஐரோப்பிய உரிமை, நாள் குறித்து வாங்குகிற இந்த மாதிரிச் சுற்றுலாவுக்குக் கிடையாது. அந்த நிறுவனம் தருகிற ரத்து நிபந்தனைதான் கணக்கு, அதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

கட்டுவதற்கு முன் எந்தெந்தக் கடை, ஒவ்வொன்றிலும் சைவம் சாப்பிடுகிறவர் தட்டில் என்ன வரும் என்று எழுத்தில் கேளுங்கள். சொல்ல மறுத்தால் விட்டுவிடுங்கள். அங்கே போனபிறகு வழிகாட்டியிடம் கேட்காமல் சமைக்கிறவரிடம் நேரே கேளுங்கள். மூன்று சொல் போதும்: "ப்ரோதோ" என்றால் சாறு, "ஸ்ட்ரூத்தோ" என்றால் பன்றிக் கொழுப்பு, "கால்யோ" என்றால் ரென்னெட். "சைவம்" என்று கேட்டால் துண்டு இறைச்சி இல்லை என்பதற்கே ஆமாம் என்றுவிடுகிறார்கள். பூரி மாதிரி உப்பி வருகிற கிரெஷென்தீனே பார்க்க நம்ம பலகாரம் போலவே இருக்கும், மாவிலும் பொரிக்கிற கொழுப்பிலும் ஸ்ட்ரூத்தோ இருப்பது வழக்கம். வெங்காயமும் தக்காளியும் மணிக்கணக்காக வதக்குகிற ஃப்ரிஜ்ஜோனேயில் கண்ணுக்குத் தெரிகிற இறைச்சி எதுவும் இல்லை, ஆனால் பழைய பக்குவத்தில் அதையும் ஸ்ட்ரூத்தோவில்தான் வதக்குவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு முன் அம்மாவுக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்று ஒரு சின்ன பேக்கரியில் நுழைந்தேன். கண்ணாடிக்குள் சாய்சதுரத் துண்டுகளாக வெட்டிய அரிசிக் கேக் இருந்தது, தோர்த்தா தி ரீசோ. காகிதத்தில் எழுதி வைத்திருந்த மூன்று சொல்லையும் காட்டினேன். கடைக்காரப் பெண் ஒவ்வொன்றாகப் படித்து, இல்லை, இல்லை, இல்லை என்று விரலை ஆட்டினார். அரிசி, பால், சர்க்கரை, பாதாம், முட்டை என்று எண்ணிச் சொன்னார். நான் கேட்காமலே, சில கடைகளில் மேலே பாதாம் மது தடவுவார்கள், இதில் தடவவில்லை என்றும் சொன்னார்.

அம்மா ரயிலில் ஏறி உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, முதலில் மோந்து பார்த்தாள். ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். "பாச்சோறு மாதிரி இருக்கு" என்றாள். முந்தின நாள் காலைக்கு அப்புறம் அவள் சாப்பிட்டது அதுதான்.