விப்பிளுக்குப் பின் மிச்சக் கணையத்தை எதில், எப்படித் தைப்பது?

கணையத்தின் தலைப்பகுதியையும் முன்சிறுகுடலையும் அகற்றும் விப்பிள் அறுவையில் தைக்க வேண்டிய மூன்று இணைப்புகளில் பித்தக்குழாய் இணைப்பும் இரைப்பை இணைப்பும் பெரிதாகத் தொல்லை தருவதில்லை. கணைய இணைப்பு அப்படி இல்லை. அங்கே கசிந்தால், கசியும் சாறே தையலைச் சுற்றியுள்ள திசுவையும் பக்கத்து ரத்தக்குழாயையும் அரிக்கத் தொடங்கும்.

போட்டியில் இருப்பவை மூன்று. கணையக்குழாயின் வாயைச் சிறுகுடலின் உட்படலத்தோடு நேருக்கு நேர் தைப்பது ஒன்று. வெட்டுமுகம் முழுவதையும் குடலுக்குள் செருகித் தைப்பது இன்னொன்று. இரைப்பையின் பின்சுவரில் துளையிட்டு அதற்குள் செருகுவது மூன்றாவது. நம் சாய்வு முதல் வழிக்கு, அதிலும் பிளம்கார்ட் முறைத் தையலுக்கு (செய்முறை பின்னால் வருகிறது).

கணையத்தை இரைப்பையோடு இணைக்கும் மூன்றாவது வழியின் வாதம் கேட்க நன்றாகவே இருக்கும். கணையத்துக்கு நேர் முன்னால் இரைப்பை இருக்கிறது, சுவர் தடிமன், ரத்த ஓட்டம் தாராளம். கணையச் சாற்றில் உறங்கும் டிரிப்சினோஜன் என்ற நொதியைத் தூண்டிவிடும் குடல் நொதி என்டிரோகைனேஸ் அங்கே இல்லை, அமிலமும் நொதிகளை அடக்கிவைக்கும். 2013இல் வந்த பெல்ஜிய ஆய்வில் கசிவு இரைப்பைப் பக்கம் 8 சதவீதம், குடல் பக்கம் ஏறக்குறைய 20 சதவீதம். பலர் அப்போது கட்சி மாறினார்கள். 2016இல் வந்த ஜெர்மானிய ஆய்வில் அந்த இடைவெளி காணாமல் போனது: இரைப்பைப் பக்கம் 20, குடல் பக்கம் 22. கூடவே, இரைப்பைப் பக்கம் ரத்தக்கசிவு அதிகம். வெட்டுமுகம் இரைப்பைக்குள் திறந்தபடி கிடப்பதால் அது எதிர்பார்க்கக்கூடியதே. இந்த வழியில் போகிறவர்கள் வெட்டுமுகத்தில் ரத்தம் வரும் ஒவ்வொரு புள்ளியையும் மின்சூட்டை நம்பாமல் 5-0 நூலால் (0-க்கு முன்னுள்ள எண் கூடக் கூட நூல் மெலியும்) தனித்தனியாகத் தைத்துவிட வேண்டும். ரத்தம் வந்தாலும் எண்டோஸ்கோப் எட்டும் தூரத்தில் இருப்பது ஓர் ஆறுதல். நாள்பட்ட கணக்கில் குழாய் வாய் அடைபடுவதும் செரிமான நொதி குறைவதும் இந்தப் பக்கம்தான் கூடுதலாகப் பேசப்படுகின்றன.

குடலுக்குள் செருகும் முறைக்கும் ஆதாரம் உண்டு. 2009இல் வந்த அமெரிக்க ஆய்வில் செருகியவர்களுக்குக் கசிவு 12 சதவீதம், உட்படலத்தோடு தைத்தவர்களுக்கு 24. குழாய் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியதாக இருந்தால் இதுவே கைகொடுக்கும். சிக்கல் அளவில் இருக்கிறது. செருக வேண்டுமானால் மிச்சக் கணையத்தை மண்ணீரல் சிரையிலிருந்து 2 முதல் 3 செ.மீ. வரை பிரித்தெடுக்க வேண்டும், அந்தத் தூரத்தில் உள்ள சிறு கிளைச் சிரைகளை ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும். தடித்த கணையமாக இருந்தால் குடலின் வாய் போதாது. வலிந்து திணித்தால் விளிம்பு கறுத்து அழுகும்.

இதையெல்லாம் தாண்டி, முடிவைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: முடிச்சு இறுகும் நொடியில் கணையத் திசு என்ன ஆகிறது என்பது. நாள்பட்ட அழற்சியோ கணையக்குழாய்ப் புற்றுநோயோ உள்ள கணையம் நாரேறிக் கெட்டியாக இருக்கும். எப்படித் தைத்தாலும் நூலைத் தாங்கும். பித்தக்குழாய்க் கட்டி, முன்சிறுகுடல் கட்டி போன்றவற்றில் கணையம் வெண்ணெய் மாதிரி, குழாய் 2 அல்லது 3 மி.மீ. 2013இல் வந்த கசிவு அபாய மதிப்பெண்ணும் இதைத்தான் எண்ணாக்குகிறது. மென்மையான கணையத்துக்கு 2, குழாய் 3 மி.மீ. என்றால் 2, அதுவே 1 மி.மீ. என்றால் 4, கட்டியின் வகைக்கும் ரத்த இழப்புக்கும் மீதி. மொத்தம் 10இல் 7ஐத் தொட்டால் உயர் அபாயம். இத்தகைய கணையத்தின் விளிம்பில் சாதாரணத் தையலைப் போட்டு முடிச்சிட்டால் நூல் பக்கவாட்டில் இழுக்கும், கத்திபோல் அறுத்துக்கொண்டு போகும். கசிவது பெரும்பாலும் அந்தத் தையல் துளைகளிலிருந்துதான்.

பிளம்கார்ட் தையல் அந்த இழுவையை அமுக்கமாக மாற்றுகிறது. இரு முனையிலும் ஊசியுள்ள 3-0 அல்லது 4-0 நூல். விளிம்பிலிருந்து சுமார் 1 செ.மீ. உள்ளே கணையத்தின் முன்புறம் குத்தி, பின்புறம் எடுத்து, குடலின் பின்சுவரில் தசைப்படலம்வரை ஒரு கிடைக்கடி கடித்து, மறுபடி கணையம் வழியே முன்னால் வர வேண்டும். இப்படி மூன்று அல்லது நான்கு. குழாய்க்குள் ஒரு மெல்லிய குழலை விட்டுவைத்துக்கொண்டே குத்துங்கள். குழாயை நூலில் பிடித்துவிடுவதுதான் இங்கே நடக்கும் மிக மோசமான தவறு. எதையும் இன்னும் முடிச்சிடாமல், 5-0 அல்லது 6-0 பி.டி.எஸ். நூலால் (மெதுவாகக் கரையும் நூல்) கணையக்குழாயையும் உட்படலத்தையும் 6 முதல் 8 தனித்தையல்களால் சேர்க்க வேண்டும், பின்வரிசை முதலில். குடலில் போடும் துளை ஊசிமுனை அளவே போதும், தைக்கும்போது அது தானாக விரியும். கடைசியில் வெளி ஊசிகளால் குடலின் முன்சுவரைக் கடித்து, முடிச்சைக் குடலின் மேல் போடுங்கள். கணையம் இரு குடல்சுவர்களுக்கிடையே மெத்தையில் வைத்ததுபோல் அமரும். விளிம்பு வெளிறினால் இறுக்கம் அதிகம், அவிழ்த்து மறுபடி போட வேண்டியதுதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பிளம்கார்டின் பெருமையில் பெரும்பங்கு பழைய பதிவேடுகளைப் புரட்டிய ஆய்வுகளிலிருந்து வந்தது. 2019இல் வந்த ஜப்பானிய சீரற்ற ஆய்வில் அதன் திருத்திய வடிவம் சாதாரணத் தனித்தையலை வெல்லவில்லை. ஆகவே கெட்டியான கணையத்தில் எது கைக்குப் பழக்கமோ அதையே தைக்கலாம்; மென்மையானதில் மேலே சொன்ன சாய்வு இயக்கவியல் காரணத்துக்காக. கணையக்குழாயில் ஸ்டென்ட் எனும் மெல்லிய குழலை வைப்பதானால் வெளியே கொண்டுவரும் வகைக்கே ஆதாரம் சற்று வலு, அதுவும் குழாய் சிறியதாக இருக்கும்போது.

எந்த வழியானாலும், முதல் நாள் வடிகுழாய்த் திரவத்தில் அமைலேஸ் என்ற கணைய நொதி 5000 யூனிட்டுக்குக் கீழே இருந்தால் மூன்றாம் நாளே வடிகுழாயை எடுத்துவிடலாம், வைத்திருப்பதால் தொற்றுதான் கூடும். மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ வடிதிரவ அமைலேஸ், ரத்த அமைலேஸின் இயல்பு உச்சவரம்பைப்போல் மும்மடங்குக்கு மேல் இருந்து, நோயாளியின் சிகிச்சையையும் மாற்ற வேண்டி வந்தால்தான் 2016 வரையறைப்படி அது ஃபிஸ்டுலா, அதாவது உண்மையான கணையக் கசிவு. எண் மட்டும் ஏறியிருந்தால் வெறும் உயிர்வேதிக் கசிவு. கசிவு உறுதியான நோயாளியின் வடிகுழாயில் ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் ரத்தம் தெரிந்து தானே நின்றுபோனாலும் அதை நம்பக் கூடாது. கட்டிவிட்ட இரைப்பை-முன்சிறுகுடல் தமனியின் முனை அரிபட்டிருக்கலாம். அன்றே சி.டி. ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. படம்) எடுக்க வேண்டும்.