ஏரிக்கரை மனையா, ஆற்றங்கரை மனையா?

சந்தடியில்லாத சிற்றூரில் நீரோர மனை வாங்குமுன் கரையை நடந்து பாருங்கள்.

ஆற்றங்கரையில் முதல் கேள்வி, மனை வளைவின் எந்தப் பக்கம் என்பதே. வெளிவளைவில் நீரோட்டம் வேகமாக மோதி மண்ணை அரிக்கும். சாய்ந்த மரங்கள், வெளியே தெரியும் வேர்கள், செங்குத்தாக உடைந்த கரை ஆகியவை அதன் அடையாளம். உள்வளைவில் மணல் படியும், ஆனால் நிலம் தாழ்வு. வெள்ளம் அங்கே எளிதில் ஏறும். பழைய வான்படங்களை இன்றைய படத்தோடு ஒப்பிட்டால் கரை எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்துவிடும். ‘நூறாண்டு வெள்ளம்’ என்றால் நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று பொருளல்ல. ஆண்டுக்கு 1% வாய்ப்பு. 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் அது ஏறத்தாழ 26%.

ஏரியில் அரிப்பு பொதுவாக மெதுவானது; தொல்லை தேங்கிய நீரில். வயல் உரமும் செப்டிக் டேங்க் கசிவும் பாஸ்பரஸைச் சேர்க்க, பாசி படரும். நீலப்பச்சைப் பாசி நச்சையும் உண்டாக்கலாம். ஆகவே கோடைக் கடைசியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அணையால் உருவான ஏரியென்றால், நீர்மட்டத்தை எந்த மாதங்களில் இறக்குகிறார்கள் என்று கேளுங்கள். படகுத்துறை சேற்றில் நிற்க நேரலாம்.

எதுவானாலும், முன்பணம் கொடுக்குமுன் சர்வேயரை வைத்து எல்லையை அளந்து, கிணற்று நீரில் நைட்ரேட்டும் கோலிஃபார்மும் (கழிவு கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) சோதித்து, வெள்ளக் காப்பீட்டுக் கட்டணத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நிரந்தரமாகக் குடியிருக்க ஏரிக்கரையே எங்கள் தேர்வு. ஆறுதான் வேண்டுமென்றால், வளைவில்லாத நேர்ப்பகுதியில் உயர்ந்த கரையாகத் தேடுங்கள்.