சுவரில் ஏறிய சைக்கிள்கள்: இரண்டு வருட அனுபவம்

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. எங்கள் வேளச்சேரி ஃப்ளாட்டின் பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர். காரையும் பைக்கையும் முதல் நாளே மேடான இடமாகப் பார்த்து விட்டுவிட்டு வந்தோம். சைக்கிளைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை, நான் உட்பட. தண்ணீர் வடிந்த பிறகு இறங்கிப் பார்த்தால் எங்கள் வீட்டு மூன்று சைக்கிளும் சேறு பூசிக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. செயின் துருப்பிடித்தது போகட்டும். கடைக்காரர் வீலின் நடுவே இருக்கும் ஹப்பைப் பிரித்தபோது உள்ளே இருந்த கிரீஸ், பால் கூடிப்போன டீ நிறத்தில் வழிந்தது. மூன்றுக்கும் சேர்த்து அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் முடிவெடுத்துவிட்டேன், இனி சைக்கிள் வீட்டுக்குள்தான்.

வீடு இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை, வாடகை. சைக்கிள்கள் மூன்று. ஞாயிறு காலையில் நான் ஓட்டும் ஹைபிரிட், சுமார் 12 கிலோ. கூடை, மட்கார்டு, கேரியர் எல்லாம் வைத்த மனைவியின் லேடீஸ் சைக்கிள், 17 கிலோவுக்குக் குறையாது. அப்புறம் மகளின் 20 இஞ்ச். நடக்கிற வழியில் எதுவும் இருக்கக் கூடாது என்பது மனைவி போட்ட ஒரே நிபந்தனை.

முதலில் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் ஒரு மடக்கு ஸ்டாண்ட் வாங்கினேன். சுவரிலிருந்து இரண்டு கை நீளும், சைக்கிளின் பாரை அதன்மேல் கிடத்தி வைக்க வேண்டும். நாற்பது கிலோ தாங்கும் என்று டப்பாவில் போட்டிருந்தது. பக்கத்து வீட்டில் டிரில் மெஷின் கடன் வாங்கி நானே துளை போட்டேன். வாழைத்தண்டில் இறங்குவது போல பிட் இறங்கியது. என் கைத்திறமை என்று நினைத்துக்கொண்டேன். கூட வந்த பிளாஸ்டிக் பிளக்கைத் தட்டி, ஸ்க்ரூ முடுக்கி, சைக்கிளை ஏற்றி, போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பியும் ஆயிற்று.

ஒன்பதாவது நாள் நள்ளிரவில் ஹாலில் டமால் என்று ஒரு சத்தம். ஓடிப்போய் விளக்கைப் போட்டால் சைக்கிள் செருப்பு ஸ்டாண்ட் மேல் குப்புறக் கிடக்கிறது. மடக்கு ஸ்டாண்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நாலு ஸ்க்ரூவும் பிளக்கோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. சுவரில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு நாலு ஓட்டை. தரையில் கோலமாவு கொட்டியது போல வெள்ளைத் தூள்.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் அந்தத் தூளை எடுத்து விரலில் தேய்த்தார். “மாவு மாதிரி வருது பாருங்க சார், இது ஏஏசி பிளாக். செங்கல்னா சிவப்பா கொட்டும். காலம்னா, அதான் கான்கிரீட் தூணு, சாம்பல் கலர்ல வரும், பிட்டு கத்தும்” என்றார். இந்தக் கல்லைச் செய்யும்போது சிமெண்ட், சுண்ணாம்பு, நிலக்கரிச் சாம்பலோடு கொஞ்சம் அலுமினியத் தூளும் சேர்க்கிறார்கள். அது வாயுவைக் கிளப்பிக் கலவையை இட்லி மாவு போலப் பொங்கவைக்கும். உள்ளெல்லாம் காற்றுக் குமிழி என்பதால் தண்ணீரில் போட்டால் மிதக்கும் கல் இது. அதில் சாதாரண பிளக்குக்கு என்ன பிடிமானம் இருக்கும்? இந்த வகைச் சுவருக்கென்றே நீளமான நைலான் பிளக்கும், துளைக்குள் பசை விட்டு இறுக்கும் ஆங்கரும் கிடைக்கின்றன. ஆனால் ஒருமுறை விழுந்ததைப் பார்த்தவனுக்கு அந்தச் சுவர் மேல் நம்பிக்கை வரவில்லை. காலத்தில் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

வீட்டுக்குள் பூச்சும் பெயிண்டும் மூடியிருக்க, காலம் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? தட்டிப் பார்த்தால் சத்தம் மாறும் என்பார்கள், எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது. அண்ணன் என்னைப் பார்க்கிங்குக்குக் கூட்டிப்போனார். அங்கே சுவர் கிடையாது, காலம் மட்டும் தனியாக நிற்கிறது. அதேதான் நேராக மேலே ஏறி எங்கள் ஹால் மூலைக்கு வருகிறது. டேப் வைத்து அளந்தோம், 9 இஞ்சுக்கு 18 இஞ்ச். அகலமான பக்கம் ஹால் சுவரோடு ஓடுகிறது. அதாவது மூலையிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் வரை கான்கிரீட். இதை மட்டும் முதல் நாளே செய்திருந்தால் நாலு ஓட்டை மிச்சம்.

காலத்துக்கு நான் எடுத்தது சைக்கிளைச் செங்குத்தாகத் தொங்கவிடும் ஒற்றை ஹூக். முன் வீலின் ரிம்மை அதில் மாட்டினால் போதும், சுவரில் அடைக்கிற இடம் குறைவு. விலை 650 ரூபாய். இதற்கு இரண்டு அளவு பார்க்க வேண்டியிருந்தது. முதலாவது ஹேண்டில்பார். என்னுடையது 62 சென்டிமீட்டர், அதில் பாதி 31. மூலையை ஒட்டி ஹூக்கைப் போட்டால் ஹேண்டில் பக்கத்துச் சுவரில் இடிக்கும். அதனால் மூலையிலிருந்து 38 சென்டிமீட்டர் தள்ளிப் போட்டோம், காலத்தை விட்டும் வெளியே போகவில்லை. இரண்டாவது உயரம். இதற்குக் கணக்கே வேண்டாம். சைக்கிளைப் பின் வீலில் நிமிர்த்திச் சுவரோடு நிறுத்தி, மேலே போன முன் ரிம்மின் உள்பக்கம் எங்கே வருகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. அதற்கு மேல் நாலு விரல் தள்ளித் துளை. மாட்டும்போது சைக்கிளைத் தூக்க வேண்டிய உயரமும் அந்த நாலு விரல்தான், முழு கனத்தையும் கையில் ஏந்த வேண்டியதில்லை.

ஹவுஸ் ஓனரிடம் கேட்காமல் இந்த முறை டிரில்லைத் தொடவில்லை. “ஆணி அடிக்கக் கூடாதுன்னு அக்ரிமெண்ட்லேயே இருக்கே தம்பி” என்று ஆரம்பித்தார். ஏற்கெனவே போட்ட நாலு ஓட்டையையும் காட்டி, பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்ற பிறகு இரண்டு துளைக்கு மட்டும் சம்மதித்தார்.

கான்கிரீட்டில் ஹேமர் டிரில் இல்லாமல் வேலை நடக்காது. ஆங்கர் போல்ட் பெட்டியில் என்ன அளவு பிட் போட்டிருக்கிறதோ அதேதான் போட வேண்டும், ஒரு மில்லி கூடினாலும் போல்ட் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். துளைக்குள் தங்கிய தூளை வெளியே எடுக்காமல் போல்ட்டை இறக்கினாலும் பிடிப்பு குறையும். அதை சைக்கிள் பம்பாலேயே ஊதி எடுத்தோம். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், நான் திருப்பிக்கொள்ளவில்லை. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் மட்டும் துளை போடாதீர்கள், வயர் பைப் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும்.

மற்ற இரண்டு சைக்கிளுக்கும் காலத்தில் இடமில்லை. அதற்காக வாங்கியது தரைக்கும் கூரைக்கும் நடுவே முட்டுக் கொடுத்து நிற்கும் கம்பம், 6,200 ரூபாய். தளம் போடும்போது சென்ட்ரிங்குக்குக் கொடுக்கிற ஜாக்கி முட்டு மாதிரியேதான், துளையே தேவையில்லை. ஆனால் மேலே முட்டுகிற இடம் நிஜ கான்கிரீட்டாக இருக்க வேண்டும், ஃபால்ஸ் சீலிங்கில் முட்டினால் பலகை உடையும். சைக்கிளைத் தாங்கும் கையை மேலும் கீழும் நகர்த்திக்கொள்ளலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

லேடீஸ் சைக்கிள்தான் தகராறு. அதில் கிடத்தி வைக்க நேர் பாரே கிடையாது. சீட்டுக் கம்பிக்கும் ஹேண்டில் கழுத்துக்கும் நடுவே மாட்டுகிற ஒரு அடாப்டர் பார் வாங்கி அந்தக் குறையைத் தீர்த்தேன். தீர்த்ததாக நினைத்தேன். “ஏங்க, கீரை வாங்கப் போறதுக்கு முன்னாடி தினமும் நான் இதைத் தூக்கி இறக்கணுமா?” என்று இரண்டாவது நாளே கேட்டுவிட்டாள். அடுத்த ஒரு மாதம் அவள் நடந்தேதான் மார்க்கெட்டுக்குப் போனாள். சைக்கிள் மேலே அலங்காரமாக இருந்தது, துண்டு காயப்போட வசதியாக. கடைசியில் 1,400 ரூபாய்க்குத் தரையில் வைக்கும் ஸ்டாண்ட் ஒன்று வாங்கி, பின் வீலை அதில் சொருகி வாசல் பக்கம் நிறுத்தினோம். மறுநாளே சைக்கிள் வெளியே போய்விட்டது. தினமும் எடுக்கிற சைக்கிளைச் சுவரில் ஏற்றாதீர்கள். ரேக்கைத் தேர்ந்தெடுக்கும்போது சைக்கிளின் எடையைப் பார்த்தேனே தவிர, தூக்கப் போகிறவரைப் பார்க்கவில்லை.

சரி, இரண்டு வருடத்தில் எது எப்படி இருக்கிறது?

ஹூக் அசையவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான். அதன் ரப்பர் உறை மட்டும் கிழிந்துவிட்டது, பழைய டியூபைச் சுற்றியிருக்கிறேன். பின் டயர் படுகிற இடத்தில் சுவர் கறுத்துப்போனது. பழைய கால்மிதியை வெட்டி டபுள் டேப்பில் ஒட்டினேன். அதை ஆரம்பத்திலேயே ஒட்டியிருக்க வேண்டும். மழையில் ஓட்டிவிட்டு அப்படியே மாட்டினால் அரை மணி நேரம் சேற்றுத் தண்ணீர் சொட்டும், கீழே கோணிப்பை போட்டுவிட வேண்டும்.

என் சைக்கிளில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். செங்குத்தாகத் தொங்கும்போது முன் காலிப்பர், அதாவது டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிற பாகம், லீவரைவிட உயரத்தில் இருக்கும். ஆயில் லைனில் காற்று துளி இருந்தாலும் அது மேலேறிக் காலிப்பருக்குப் போய்விடும். முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. போன மழைக்காலத்தில் மூன்று வாரம் தொங்கிய பிறகு எடுத்தபோது முன் லீவர் பிடிப்பே இல்லாமல் கைப்பிடி வரை வந்தது. கேட்டுக்கு வெளியே போவதற்குள் கவனித்தது நல்லதாயிற்று. நேராக நிறுத்தி இருபது முப்பது தடவை அழுத்தியதும் சரியானது, ஆனாலும் கடையில் கொடுத்து பிளீட் செய்துவிட்டேன், அதாவது லைனில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டேன். இப்போதெல்லாம் இறக்கியதும் முதல் வேலை இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்ப்பது.

கம்பம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேசாகத் தளரும். கையால் ஆட்டினால் தெரிந்துவிடும், ஒரு சுற்று முடுக்க வேண்டும். கூரையில் ரப்பர் பாதம் பதிந்த வட்டம் விழுந்திருக்கிறது. மகளுக்கு 20 இஞ்ச் சின்னதாகி 24 இஞ்ச் கியர் சைக்கிள் வந்தபோது, கையை ஒரு ஜாண் ஏற்றியதோடு வேலை முடிந்தது. அதன் பார் சரிவாக இருப்பதால் சைக்கிள் மூக்கைத் தூக்கிக்கொண்டு தொங்குகிறது. அவளுக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம். அவளே தூக்கி வைக்கிறாள்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் காரும் அங்கேதான் நின்றது. சைக்கிள்கள் ஹாலில் இருந்தன.

வரும் மே மாதம் வீடு மாறுகிறோம். கம்பத்தையும் ஸ்டாண்டையும் எடுத்துப் போகலாம், ஹூக்கைக் கழற்றித் துளையைச் சிமெண்ட்டால் அடைத்துத் தருகிறேன் என்று ஓனரிடம் சொன்னேன். அவர் அதை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, “இது இருக்கட்டும் தம்பி, அடுத்து வர்றவங்க பூந்தொட்டி மாட்டிக்குவாங்க” என்றார். அந்த நாலு ஓட்டைக்குப் பெயிண்ட் மட்டும் மறக்காமல் கேட்டார்.