கயிறு, விரல், குளிசை: மனவடுவுக்கு எது சரிவரும்?

திருகோணமலை சீனன்குடா விமானத் தளத்தில் பயிற்சி விமானம் எழும்பினால் என் சித்தி கையிலிருக்கிற வேலையை விட்டுவிடுவார். தேங்காய் திருவிக்கொண்டிருந்தால் பாதி மூடி அப்படியே நிற்கும். சத்தம் தேய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் காது கூரையிலேயே இருக்கும். சம்பூரில் 2006 ஏப்ரலில் விமானப்படையின் கிபிர் போர் விமானம் வந்து குண்டு போட்டபோது ஊரோடு ஓடியவர். வாகரைப் பக்கமாக மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம், 2015க்குப் பிறகுதான் மறுபடி சொந்த வளவு. அந்தக் குண்டு விழுவதற்குப் பதினாறு மாதம் முன்னால் சுனாமி ஒரு தங்கையைக் கொண்டுபோயிருந்தது.

"அது கிபிர் இல்லை சித்தி, பொடியன்கள் பழகுற பிளேன்" என்றால், "எனக்குத் தெரியும் தம்பி" என்பார். தெரிந்துகொண்டேதான் நடுங்குவார்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சித்தப்பா, "பழசைக் கிளறாமல் விடுங்கோ" என்றார். மாமி பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா கிளினிக்கில் எடுத்த குளிசையால் தனக்கு நித்திரை வருகிறது என்றார். நான், இரண்டு கட்டுரை படித்த திமிரில், "கவுன்சிலிங்" என்றேன். எந்தக் கவுன்சிலிங் என்று சித்தி திருப்பிக் கேட்டபோது பதில் இல்லை. பிறகு தேடிப் படித்ததும், அவரோடு அலைந்ததில் கண்டதும்தான் இது. நான் வைத்தியர் இல்லை. மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோ வைத்தியரோடு பேசிச் செய்கிற வேலை.

"கிளறாதே" கட்சியும் "உடனே கொட்டு" கட்சியும்

சித்தப்பா சொன்னது முழுப் பிழை இல்லை. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு முதல் சில கிழமைகள் நித்திரை கெடுவதும் திடுக்கிடுவதும் எல்லோருக்கும் நடப்பதுதான். பெரும்பாலானவர்கள் சொந்தபந்தமும் சோறும் பாதுகாப்பும் இருந்தால் தாங்களாகவே தேறுகிறார்கள். ஒரு மாதம் தாண்டியும் அதே காட்சி கனவிலும் பகலிலும் வந்தால், அந்த இடத்தை, அந்தப் பேச்சை, அந்தச் சத்தத்தைத் தவிர்ப்பதே வாழ்க்கையாகிவிட்டால், அப்போதுதான் மனவடு நோய் (PTSD) என்று பார்க்கிறார்கள். அந்தக் கட்டத்தில் "கிளறாதே" என்பது மருந்து இல்லை. தவிர்ப்பதும் நோயின் ஒரு பாகம்தான்.

எதிர்க்கட்சி, நடந்த கையோடு ஆளை இருத்தி எல்லாவற்றையும் ஒரே அமர்வில் கொட்டவைப்பது. ஆராய்ச்சிகளில் இது பின்னால் வரும் நோயைத் தடுக்கவில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்கியும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. அதற்குப் பதில் அது சொல்வது உளவியல் முதலுதவி: நிலைமையைப் பார், சொன்னால் கேள், தேவையான உதவியோடு இணைத்துவிடு. சொல்லாவிட்டால் வற்புறுத்தாதே. செத்தவீட்டில் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற நம்முடைய ஆட்கள் இதைப் பாதியாவது பழக்கத்திலேயே செய்கிறார்கள்.

நடந்ததை நோக்கிப் போகிற மூன்று வழிகள்

இனி, மாதங்களும் வருடங்களும் போன பிறகும் தேறாதவர்களுக்கு. ஆதாரம் பலமாக இருக்கிற சிகிச்சைகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் நினைவை நோக்கியே போகின்றன. போகிற பாதையில்தான் வித்தியாசம்.

முதலாவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக் குடும்பம், அதாவது யோசிக்கிற விதத்தையும் நடக்கிற விதத்தையும் மாற்றப் பழக்குவது. அதில் ஒரு கிளை, எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த வெளிப்படுத்தல். நடந்ததைக் கண்ணை மூடி, நிகழ்காலத்தில் நடப்பதுபோல், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அதை ஒலிப்பதிவு செய்து வீட்டிலும் தினமும் கேட்க வேண்டும். கூடவே, பயந்து ஒதுக்கிவைத்த இடங்களுக்குப் படிப்படியாகப் போக வேண்டும். சுனாமிக்குப் பிறகு டச்சுக் குடாப் பக்கமே போகாதவர் என்றால் முதலில் வீதிக்கு இந்தப் பக்கம் நின்று கடலைப் பார்ப்பது, இன்னொரு நாள் மணலில் இருப்பது, பிறகு காலை நனைப்பது. ஒவ்வொரு படியிலும் பயம் ஏறி, தானாக இறங்கும்வரை அங்கேயே இருப்பதுதான் விஷயம். ஏறும்போது எழும்பி ஓடிவிட்டால் பயத்துக்குத்தான் வெற்றி.

இன்னொரு கிளை பற்றீசியா றெசிக்கின் அறிவாற்றல் செயலாக்கச் சிகிச்சை, சுமார் 12 அமர்வு. இது பயத்தைவிடக் குற்ற உணர்வைப் பிடிக்கிறது. "நான் கையை விட்டபடியால்தான் அவள் போனாள்" என்கிற ஒரு வசனத்தை எடுத்து, அந்த அலையின் வேகத்தில் எந்தக் கை தாங்கியிருக்கும் என்று எழுதி எழுதி விசாரிப்பது. சித்திக்கு இந்த வசனம் அச்சொட்டாகப் பொருந்தும். ஆனால் வீட்டுப்பாடத் தாளைக் கண்டால் அவர் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி ஆகிவிடுவார். ஒலிப்பதிவைக் கேட்பதும் சுலபம் இல்லை. தகரத்தால் பிரித்த இரண்டறை வீட்டில் தன் கதையைத் தனியாகக் கேட்க எங்கே போவது? இந்தச் சிகிச்சையின் பலமே வீட்டு வேலைதான், இங்கே அதன் பலவீனமும் அதுவே.

இரண்டாவது ஈஎம்டிஆர் (EMDR), கண் அசைவோடு நினைவைக் கையாள்கிற சிகிச்சை. ஃபிரான்சின் ஷபீரோ 1980களின் கடைசியில் உருவாக்கியது, எட்டுக் கட்டம் கொண்டது. நினைவின் மோசமான காட்சியை மனதில் பிடித்துக்கொண்டு, சிகிச்சையாளரின் விரல் இடம் வலமாக அசைவதைக் கண்ணால் பின்தொடர வேண்டும். வெளியே நின்று பார்ப்பவருக்குச் சூனியம் எடுக்கிற மாதிரித்தான் இருக்கும். கண் அசைவு உண்மையிலேயே கூடுதலாக ஏதாவது செய்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் முழுச் சிகிச்சையாகப் பார்த்தால் பலன் இருக்கிறது. மனவடு நோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தவற்றில் இதுவும் ஒன்று. இதன் பெரிய சலுகை, எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை, வீட்டுப்பாடமும் அநேகமாக இல்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர், சின்ன ஊரில் யாருக்கும் விபரம் தெரியக்கூடாது என்று நினைப்பவர், ஒரு வாகன விபத்தோடு நின்றுபோனவர் போன்றவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன். முறையாகப் பயின்றவர் கிடைக்க வேண்டும், அதுதான் சிக்கல். வீடியோவைப் பார்த்து விரலை ஆட்டுகிறவரிடம் போகவேண்டாம்.

மூன்றாவது, கதைசொல்லல் வெளிப்படுத்தல். ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் மாகி ஷவர், ஃபிராங்க் நொய்னர், தோமஸ் எல்பேர்ட் ஆகியோர் போர் அகதிகளை மனதில் வைத்தே உருவாக்கியது. ஒரு சம்பவத்தைப் பொறுக்கி எடுப்பதில்லை, பிறந்த நாளிலிருந்து முழுச் சீவியமும் வருகிறது. தொடக்கத்தில் தரையில் ஒரு கயிற்றை விரித்து, நல்லது நடந்த இடத்தில் பூவும் கெட்டது நடந்த இடத்தில் கல்லும் வைக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு அமர்விலும் கயிற்றின் வழியே நடந்து, கல் வந்தால் நின்று, அன்று என்ன கண்டது, என்ன மணத்தது, உடம்பில் எங்கே நடுங்கியது, இப்போது எங்கே நடுங்குகிறது என்று மெதுவாகக் கேட்கிறார்கள். சிகிச்சையாளர் எழுதிக்கொண்டுவந்து அடுத்த முறை வாசித்துக் காட்டுவார், பிழை இருந்தால் திருத்தலாம். கடைசியில் முழுக்கதையும் எழுத்தில் நம் கைக்கு வரும்.

உகண்டாவில் இருந்த சூடான் அகதிகள் 43 பேரை வைத்து 2004இல் வெளியான ஆய்வில், இந்த முறை, ஆறுதலான சாதாரண கவுன்சிலிங், நோயைப் பற்றிய வெறும் விளக்கம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருடத்துக்குப் பின் கதைசொல்லல் குழுவில் 29 சதவீதத்தினருக்குத்தான் நோய் மிஞ்சியிருந்தது. கவுன்சிலிங் குழுவில் 79, விளக்கக் குழுவில் 80. ஆட்கள் குறைவு, உண்மைதான். ஆனாலும் கவுன்சிலிங்குக்கும் வெறும் விளக்கத்துக்கும் இடையில் ஒரு சதவீத வித்தியாசம் என்பது என்னைப் போன்ற "கவுன்சிலிங்" கோஷக்காரர்களுக்கு நல்ல அடி.

நம்முடைய கரையில் நடந்த போட்டி

உகண்டா தூரம் என்பவர்களுக்கு, கிட்டவே ஒன்று உண்டு. சுனாமி வந்து சில கிழமைகளில், நமது வடகிழக்கில், போரையும் கடலையும் சேர்த்துக் கண்ட 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குப் பிள்ளைகளுக்கேற்ற கதைசொல்லல், மற்றப் பகுதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டும் ஆறு அமர்வு, நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். ஆறு மாதத்தின் பின் முதல் குழுவில் 81 சதவீதமும் இரண்டாவதில் 71 சதவீதமும் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் அந்தப் பத்துப் புள்ளியை வெற்றி என்று சொல்ல முடியாது, ஆய்வாளர்களும் சொல்லவில்லை.

அப்படியானால் மூச்சுப் பயிற்சியே போதுமா? நடந்து கொஞ்ச நாளே ஆன பிள்ளைகளுக்கு, ஒழுங்காக ஒருவர் கிழமைக்குக் கிழமை வந்து பக்கத்தில் இருந்தால், போதுமாக இருக்கலாம். இருபது வருடம் காய்ந்து இறுகிய சித்தியின் கணக்கு வேறு என்று நினைக்கிறேன். இது என் ஊகம்.

குளிசை

சேர்ட்ரலின், பறொக்செற்றின் போன்றவை மனவடு நோய்க்குக் கொடுக்கப்படுபவை. வேலை செய்யத் தொடங்கப் பல கிழமை எடுக்கும், திடீரென நிறுத்தக்கூடாது. ஒப்பிட்டால் மேலே சொன்ன பேச்சுச் சிகிச்சைகளின் பலன் பெரும்பாலும் கூடவும் நீடித்தும் இருக்கிறது. ஆனால் அரச ஆஸ்பத்திரியில் குளிசை இலவசம், மாதம் ஒருமுறை துண்டைக் காட்டினால் கிடைக்கும், யாரிடமும் அழத் தேவையில்லை. மனச்சோர்வு அமுக்கி, படுக்கையை விட்டே எழும்ப முடியாதவருக்குக் குளிசை முதலில் வருவதுதான் நியாயம். நித்திரைக்கென்று வருடக்கணக்காக டயசெப்பாம் போடுவது வேறு கதை. அது பழக்கமாகும், மனவடுவை ஆற்றாது. சாராயத்தை இந்த வரிசையில் யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் திருமலையில் ஆம்பிளைகள் அதிகம் எடுக்கிற "மருந்து" அதுதான்.

கோயில் தோற்றுப்போகாத இடம்

மாமியை நான் முதலில் நக்கலடித்தேன். பிறகு யோசித்தேன். கிழக்கில் அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொல்பவர்களிடம், காணாமல் போனவர்களின் தாய்மார் போய் நின்ற காலம் உண்டு. மகன் உயிரோடு இருக்கிறானா என்ற கேள்விக்கு எந்த அலுவலகமும் வாய் திறக்காதபோது, ஒரு சனக்கூட்டத்தின் நடுவே சத்தமாக அழ அங்கேதான் அனுமதி இருந்தது. கிண்ணியா, மூதூரில் ஓதிப் பார்ப்பதும் நூல் கட்டுவதும் இதே வேலையில் பாதியைச் செய்கின்றன. முடிவு தெரியாத இழப்புக்குக் கயிறும் விரலும்கூடத் திணறும், கல்லை வைப்பதா இல்லையா என்றே தெரியாதே. கோயிலையும் கிளினிக்கையும் சண்டைக்கு விடாமல் இரண்டுக்கும் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குளிசையை நிறுத்திவிட்டு வா என்று சொல்கிற பூசாரியோடுதான் தகராறு.

கடைசியில் எதை எடுத்தோம்

முதலில் போன ஓரிடத்தில், "உங்களைவிட மோசமாக நடந்தவர்களும் இருக்கிறார்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். சித்தி வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசவில்லை. மறுபடி கிளம்ப ஒரு வருடம் போனது. ஆகவே, எந்த முறை என்று கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: இதில் பயிற்சி எடுத்தீர்களா, எத்தனை அமர்வு, முடியும்வரை நீங்களே இருப்பீர்களா? நடுவில் இடமாற்றம் வந்து ஆள் மாறினால் பாதி திறந்த காயத்தோடு பஸ் ஏற வேண்டியிருக்கும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்கலாம், ஆஸ்பத்திரி உளநல கிளினிக்குக்குப் போகலாம், அல்லது தேசிய உளநல நிறுவனத்தின் 1926க்கு அழைக்கலாம். அந்த நிறுவனம் இருக்கிற அங்கொடை என்ற பெயரைக் கேட்டே பயப்படுகிறவர்களுக்கு: தொலைபேசியில் பேசுவதால் யாரும் உங்களை அங்கே கொண்டுபோக மாட்டார்கள்.

சித்திக்குக் கதைசொல்லல்தான் பொருந்தும் என்று முடிவெடுத்தோம். காரணம் சுலபம், அவருக்கு நடந்தது ஒன்று இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் கிடைத்தார். முதல் நாள் கயிற்றில் நாங்கள் எதிர்பார்த்த மாதிரி கிபிருக்குப் பெரிய கல் வைக்கவில்லை, தங்கைக்கு வைத்தார். கிபிருக்குக் கிடைத்தது நடுத்தரக் கல். சொந்த வளவுக் கிணற்றில் முதல் வாளித் தண்ணீர் அள்ளிய நாளுக்கு இரண்டு பூ. எழுதத் தொடங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதை ஆர் வாசிக்கிறது?" நம்முடைய ஊரில் எழுத்தில் ஒரு விஷயம் இருப்பதே பயம் என்பது எந்தக் கையேட்டிலும் எனக்குக் கண்ணில் படவில்லை. கடைசித் தாளை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை, அவரே கிழிக்கலாம் என்று பேசிக்கொண்ட பிறகுதான் கதை நகர்ந்தது.

பத்து அமர்வு போனது. நடுவில் மூன்றாவது நாலாவதில் கனவு கூடியது, "விட்டுவிடுவோம்" என்றார். அது நடக்கக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

விமானம் வந்தால் இப்போதும் திருவல் நிற்கிறது. ஆனால் குசினிக்குள் நிற்பதில்லை. முற்றத்துக்கு வந்து, கண்ணுக்கு மேலே கையை வைத்து, அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கிறார். திருவலை விட்ட இடத்தில் காகம் வருகிறது என்று சித்தப்பாதான் ஏசுகிறார்.